மண்ணைக் கேட்கும் கருவி

மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குள் செல்லும் பயணிகள் கதவில்லாத ஒரு வாசற்சட்டத்தினுள் நுழைந்து போவார்கள். சிலர் நுழையும்போது மட்டும் அது ‘பீப்’ என்று ஒலிக்கும். சட்டைப் பையில் மறந்துபோன சாவிக் கொத்தோ, இடுப்பு வாரின் கொக்கியோ அதற்குக் காரணமாக இருக்கும். இதே தத்துவத்தில் இயங்கும் சிறிய கருவி ஒன்று உண்டு. ஒரு கோல், அதன் மேல்முனையில் கைப்பிடியும் சிறு பெட்டியும், கீழ்முனையில் சாப்பாட்டுத் தட்டைப் போன்ற ஒரு வட்டத் தட்டு. இதைத்தான் ‘மெட்டல் டிடெக்டர்’ என்கிறோம். இன்று சில ஆயிரம் ரூபாய்க்கே இது கிடைக்கிறது.

விமான நிலையத்துக்குத் தென்மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் திருநீர்மலை இருக்கிறது. மலைமேல் அரங்கநாதர், அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள், பக்கத்தில் ஏரி. அந்த ஊரில் வசிக்கும் உங்கள் கைக்கு இப்படி ஒரு கருவி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எங்கே தொடங்குவது? எப்படித் தேடுவது? எதைத் தோண்டாமல் விட வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

தட்டுக்குள் என்ன இருக்கிறது?

கம்பிச்சுருளுக்கு அருகே காந்தப்புலம் மாறினால் அச்சுருளில் மின்னோட்டம் உண்டாகும் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். மின்காந்தத் தூண்டல் என்று இதை நீங்கள் இயற்பியலில் படித்திருப்பீர்கள். மெட்டல் டிடெக்டர் முழுவதும் இந்த ஒரே உண்மையின்மேல் நிற்கிறது.

தட்டுக்குள் இரண்டு கம்பிச்சுருள்கள் இருக்கின்றன. முதல் சுருளில் ஓடும் மின்னோட்டம் விநாடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறுகிறது. அதனால் தட்டுக்குக் கீழே உள்ள மண்ணில் காந்தப்புலமும் அதே வேகத்தில் மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த மண்ணில் ஒரு நாணயம் கிடந்தால், அதனுள் சின்னச் சின்ன வட்டங்களாக மின்னோட்டம் சுழலத் தொடங்கும். இதற்குச் சுழல் மின்னோட்டம் என்று பெயர். இந்த மின்னோட்டம் தானும் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். மிக மெல்லிய அந்தப் புலத்தை இரண்டாவது சுருள் பிடித்துக்கொள்கிறது. பெட்டியில் உள்ள மின்சுற்று அதைப் பெருக்கி ஒலியாக மாற்றுகிறது.

முதல் சுருளின் வலுவான புலம் இரண்டாவது சுருளை நேரடியாகத் தாக்கினால் நாணயத்தின் மெல்லிய பதில் அதில் அமுங்கிப் போகாதா? நல்ல கேள்வி. அதற்காகத்தான் இரண்டு சுருள்களையும் ஒன்றின் விளைவு மற்றொன்றில் ஏறக்குறையச் சுழியாகும்படி அமைத்திருக்கிறார்கள். வெறும் மண்ணின்மேல் கருவி மௌனமாக இருப்பது இதனால்தான். உலோகம் வந்தால் அந்தச் சமநிலை குலைகிறது.

ஆக, கருவி சொல்வது ஒரே ஒரு செய்திதான்: “மின்சாரத்தைக் கடத்தும் பொருளோ காந்தத் தன்மை உள்ள பொருளோ இங்கே கிடக்கிறது.” அது என்ன பொருள், எவ்வளவு பழையது, அதைத் தொடலாமா என்பவற்றையெல்லாம் நாம்தான் யோசித்து முடிவு செய்ய வேண்டும்.

காசில்லாமல் ஒரு சோதனை

கருவி வாங்கும் முன்பே இந்தத் துறையின் சுவையை அறியலாம். வீட்டில் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தால் அதில் மத்திய அலையைத் தேர்ந்தெடுத்து, முள்ளை அதிர்வெண் மிகுந்த கோடிக்குத் திருப்புங்கள். நிலையம் எதுவும் கேட்காமல் வெறும் இரைச்சல் மட்டும் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒரு கால்குலேட்டரை இயக்கி ரேடியோவின் முதுகோடு சேர்த்துப் பிடித்தால் ரீங்காரம் ஒன்று கேட்கும். இனி இரண்டையும் மெதுவாகப் பிரியுங்கள். ரீங்காரம் அடங்கும் தறுவாயில் நிறுத்தி, அருகில் ஓர் எவர்சில்வர் கரண்டியைக் கொண்டுவாருங்கள். ரீங்காரம் மீண்டும் எழும்.

கால்குலேட்டரின் மின்சுற்று மெல்லிய வானொலி அலைகளை வெளியிடுகிறது. உலோகம் வந்ததும் அந்த அலைகள் ரேடியோவை அடையும் விதம் மாறுகிறது. எல்லாக் கால்குலேட்டரும் இதற்கு ஒத்துவராது. இரண்டு மூன்றை முயன்று பாருங்கள்.

முதல் பாடம் மேசையில்

கருவி வந்ததும் மண்வெட்டியோடு வெளியே ஓட வேண்டாம். முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே கழியட்டும். ஒரு பிளாஸ்டிக் முக்காலியின்மேல் ஒரு ரூபாய், ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயங்கள், இரும்பு ஆணி, சோடா பாட்டில் மூடி, செம்புக் கம்பித் துண்டு, உணவு சுற்றி வரும் அலுமினியத் தாள் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள். தட்டை மேலே அசைத்து, எந்தப் பொருளுக்கு எந்த ஒலி, எவ்வளவு உயரத்தில் ஒலி நின்றுபோகிறது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். அந்த நோட்டுதான் உங்கள் அகராதி.

இதை மொட்டை மாடியில் செய்தால் ஏமாந்து போவீர்கள். கான்கிரீட்டுக்குள் ஓடும் இரும்புக் கம்பிகள் எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்லும்! சுற்றுப்புறத்தில் உள்ள உலோகம் எப்பேர்ப்பட்டவரையும் குழப்பிவிடும் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1881 ஜூலை 2 அன்று அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். குண்டு உடலுக்குள் எங்கே தங்கியிருக்கிறது என்று தெரியவில்லை. தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், கம்பிச்சுருள்களால் ஆன ஒரு கருவியை அவசரமாக உருவாக்கிக் கொண்டுவந்தார். ஆனால் குண்டு அகப்படவில்லை. படுக்கையில் இருந்த எஃகுச் சுருள்கள் கருவியைக் குழப்பியிருக்கக்கூடும் என்று கருதப்படுகிறது. மேலும், மருத்துவர் உடலின் வலப்பக்கத்தை மட்டுமே தேட அனுமதித்தார். குண்டு இருந்ததோ இடப்பக்கத்தில். செப்டம்பர் 19 அன்று அதிபர் இறந்தார். பெல்லின் கருவி உலோகத்தை உணரக்கூடியதுதான். தேடிய இடமும் சூழ்நிலையும் சரியாக அமையவில்லை.

இரும்பா, பொன்னா?

பெட்டியில் பொதுவாக இரண்டு குமிழ்கள் இருக்கும். ஒன்று உணர்திறனைக் கூட்டவும் குறைக்கவும். மற்றொன்று உலோகங்களைப் பிரித்தறிய. ஒவ்வோர் உலோகமும் மின்சாரத்தை ஒவ்வொரு அளவில் கடத்துகிறது. செம்பின் கடத்தும் திறனை 100 என்று கொண்டால், வெள்ளிக்குச் சுமார் 106, பொன்னுக்குச் சுமார் 70, அலுமினியத்துக்குச் சுமார் 60, இரும்புக்குச் சுமார் 17. இதற்கேற்பவும், பொருளின் அளவு, தடிமன் ஆகியவற்றுக்கு ஏற்பவும், பதில் வரும் நேரம் மிகச் சிறிதளவு வேறுபடுகிறது. அந்த வேறுபாட்டை வைத்தே கருவி ஊகிக்கிறது.

அது ஊகம்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரு காந்தத்தை எடுத்து இன்றைய ஒரு ரூபாய் நாணயத்தில் வைத்துப் பாருங்கள், ஒட்டிக்கொள்ளும். அது இரும்பு மிகுந்த துருப்பிடிக்காத எஃகால் ஆனது. ஆகவே ‘இரும்பு வேண்டாம்’ என்று குமிழைத் திருப்பினால் சில கருவிகள் ரூபாயையும் சேர்த்தே ஒதுக்கிவிடலாம். அதைப்போல, கசங்கிய அலுமினியத் தாளின் பதிலும் சிறிய தங்க மூக்குத்தியின் பதிலும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். குப்பை வேண்டாம் என்று தாளை ஒதுக்கினால், பாட்டி தொலைத்த மூக்குத்தியும் அகப்படாது! தொடக்கத்தில் எதையும் ஒதுக்காமல் எல்லா ஒலிகளையும் கேட்டுப் பழகுங்கள்.

ஆழம் என்னும் கணக்கு

‘ஆறு அடி ஆழத்தில் உள்ளதையும் காட்டும்’ என்று விளம்பரங்கள் சொல்லலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். தட்டின் அளவைவிடத் தொலைவு அதிகமாகும்போது, காந்தப்புலம் தொலைவின் முப்படிக்கு ஏற்பக் குறைகிறது. நாணயத்திலிருந்து திரும்பி வரும் புலமும் அவ்வாறே குறைகிறது. ஆக, பதிலின் வலிமை தொலைவின் ஆறாம் படிக்கு ஏற்பக் குறையும். தொலைவு இரண்டு மடங்கானால் பதில் 64-இல் ஒரு பங்கு! கருவியின் திறனை எப்படியோ இரட்டிப்பாக்கினாலும் அது எட்டும் ஆழம் சுமார் 12 சதவீதம்தான் கூடும். மலிவு விலைக் கருவி ஒரு நாணயத்தை அரை அடி ஆழத்தில் காட்டினாலே அதைப் பாராட்டலாம்.

இதை நீங்களே அளக்கலாம். தோட்டத்தின் ஒரு மூலையில் ஒரே வகை நாணயங்களை 5, 10, 15 சென்டிமீட்டர் ஆழங்களில் புதைத்து, மேலே குச்சி நட்டு வையுங்கள். பிறகு தட்டைத் தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், தரைக்கு இணையாக, நிதானமாக இடமும் வலமும் வீசுங்கள். வீச்சின் முடிவில் தட்டைத் தூக்கிவிடக் கூடாது. ஒவ்வொரு வீச்சும் முந்திய வீச்சின்மேல் பாதி படிய வேண்டும். ஒலி கேட்டதும் முதல் வீச்சுக்குக் குறுக்கே மீண்டும் வீசுங்கள். இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளியில் பொருள் இருக்கும்.

மண்ணும் பதில் சொல்லும்

பல்லாவரம், திருநீர்மலைப் பக்கத்தில் தேடுபவருக்கு ஒரு சங்கடம் உண்டு. பல்லாவரம் பகுதிக் குன்றுகள் சார்னோக்கைட் என்னும் கருநிறப் பாறையால் ஆனவை. இப்பாறையில் காந்தத் தன்மையுள்ள இரும்புக் கனிமங்களும் சிறிதளவு கலந்திருக்கும். செம்புரைக்கல் சரளையிலோ இரும்பு ஆக்சைடு மிகுதி. அதன் சிவப்பு நிறத்துக்கே அதுதான் காரணம். இத்தகைய தரையில் உலோகம் எதுவும் இல்லாமலே கருவி முணுமுணுக்கும். அப்போது உணர்திறனைக் கூட்டினால் இரைச்சலும் கூடும். குறைப்பதுதான் வழி. நின்று கேளுங்கள். தட்டை எத்தனை முறை வீசினாலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி வரும் ஒலி உலோகமாக இருக்கலாம். இடம் மாறி மாறி வருவது மண்ணின் முணுமுணுப்பு.

கருவிக்குக் கேட்காத வரலாறு

இதே செம்புரைக்கல் சரளையில்தான், 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதரைப் பற்றிய ஆராய்ச்சி அந்தக் கல்லில் தொடங்கியது. 1880-களில் அலெக்சாண்டர் ரீ இதே பல்லாவரத்தில் கால்களுள்ள சுடுமண் ஈமப்பேழையைக் கண்டார். கல்லுக்கும் சுடுமண்ணுக்கும் நம் கருவி வாய் திறக்காது. அதாவது, ஓர் ஆணிக்காக நீங்கள் மண்வெட்டியை இறக்கும்போது, அதன் பக்கத்தில் இருக்கும் அரிய பொருள் உடைவதுகூட உங்களுக்குத் தெரியாமல் போகலாம்.

இன்னொன்றும் உண்டு. தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2025 ஜனவரியில் இரும்பின் தொன்மை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்வதாக அது கூறுகிறது. அந்த ஆண்டை எப்படிக் கணித்தார்கள்? அங்கே சேர்ந்து கிடைத்த கரித்துண்டுகளை ஆய்ந்துதான்! யாராவது ஒருவர் கருவியோடு முன்பே போய் இரும்பை மட்டும் பிடுங்கிக்கொண்டு கரியை மண்ணோடு தள்ளியிருந்தால், மிஞ்சியிருப்பது வயது தெரியாத ஒரு துருப்பிடித்த துண்டுதான். பொருளைவிட அது கிடந்த இடம் அதிகம் பேசும்.

சட்டமும் இதைத்தான் காக்கிறது. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து அகப்படும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவதை 1958-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சென்னையின் தென்புறத்தில் பெருங்கற்காலப் புதைவிடங்கள் பல உள்ளன. ஆகவே மலைச்சரிவு, கோயில் நிலம், ஏரிக்கரை, கல்வட்டம் உள்ள பொட்டல் ஆகிய இடங்களுக்குக் கருவியைக் கொண்டுபோகவே வேண்டாம். பழைய பானை ஓடோ எலும்போ தற்செயலாகக் கண்ணில் பட்டால், கை வைக்காமல் புகைப்படம் எடுத்து, ஆசிரியர் மூலம் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். வெடிகுண்டு போன்ற எதையேனும் கண்டால் விலகி வந்து 112-ஐ அழையுங்கள்.

அப்படியானால் எங்கே தேடுவது?

சொந்த வீட்டுத் தோட்டத்திலும், உரிமையாளர் ஒப்புதல் தந்த இடத்திலும் தேடலாம். வாசல் மணலில் விழுந்த தோடு, கொல்லையில் தொலைந்த சாவி, புதுவீட்டுக்காரர் மண்ணில் சிந்திவிட்ட திருகாணிகள் என்று வேலைக்குக் குறைவிருக்காது. கையுறை அணியுங்கள், மின்கம்பி புதைந்திருக்கும் இடத்தில் கடப்பாரை போடாதீர்கள், தோண்டிய குழியை உடனே மூடுங்கள்.

எல்லாவற்றிலும் சிறந்த இடம் ஒன்று சொல்லட்டுமா? உங்கள் பள்ளி விளையாட்டுத் திடல். பந்தல் போட்டுப் பிரித்தபோது உதிர்ந்த ஆணிகளும் கம்பித் துண்டுகளும் அங்கே மண்ணில் மறைந்திருக்கும். கபடி ஆடும் வெறுங்காலில் ஒன்று ஏறினாலும் ஊசி போட ஓட வேண்டும். தலைமை ஆசிரியரிடம் அனுமதி பெற்று, திடலைச் சதுரங்களாகப் பிரித்து, நண்பர்களோடு ஒரு சனிக்கிழமை தேடுங்கள். எந்தச் சதுரத்தில், எவ்வளவு ஆழத்தில், என்ன கிடைத்தது என்று வரைபடத்தில் குறியுங்கள். தொல்லியல் ஆய்வாளரும் நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்து இப்படித்தான் வேலை செய்கிறார். ஒரு டப்பா நிறைய ஆணி சேர்ந்தால், திடலும் காலுக்கு நல்லதாகும். உங்கள் காதும் தேர்ச்சி பெற்றிருக்கும்.