கொழுந்தும் கையொப்பமும்: பெருந்தோட்டத் தொழிற்சங்கத் துறையிற் பெண்

தொழிற்றுறையிற் பெண்கள் பெற்ற இடம் பற்றிப் பேசப்படும்போது, நமது கல்வியுலகம் வழக்கமாக 'முதற் பெண்'களின் வரலாற்றையே நினைவுகூர்கின்றது. சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1940களிற் பயின்று பட்டம் பெற்ற அ. லலிதாவும், இலங்கைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தில் 1964இற் பட்டம் பெற்று இந்நாட்டின் முதற் பெண் பொறியியலாளராகிய பிரேமிளா சிவசேகரமும் அவ்வாறு நினைவுகூரப்படுபவர்கள். அவர்தம் சாதனையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், கொழும்பிலிருந்து அப்பீடம் வந்து குடியேறிய பேராதனையில் நின்று தலையை நிமிர்த்தி நோக்கினால் ஹந்தானை மலை தெரியும். அம்மலைத்தொடரின் தேயிலைச் சரிவுகளிற் கூடை சுமந்த பெண்கள், முதற் பெண் பொறியியலாளர் தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே தொழிற்றுறைக்குள் வந்துவிட்டவர்கள். 'வாயிலைத் திறந்து உள்ளே நுழைதல்' அவர்களுக்குப் பிரச்சினையாக இருந்ததேயில்லை. உள்ளே வந்தபின் ஒருபடி மேலே ஏற முடியாமையே அவர்தம் பிரச்சினை. இவ்விரண்டும் வேறு வேறு பிரச்சினைகள். இரண்டாவதைப் பற்றியே இங்கு பேச முனைகின்றோம்.

குடும்பம் பற்றிய தமது நூலில் எங்கெல்சு, பெண்கள் சமூக உற்பத்தியில் மீண்டும் பங்குகொள்வதே அவர்தம் விடுதலைக்கு முதல் நிபந்தனை எனக் கூறினார். அந்நூல் வெளிவந்த 1884ஆம் ஆண்டில், 'கண்டிச் சீமை' என நமது மக்கள் வழங்கிய மலைப்பிரதேசத்தில் அந்நிபந்தனை ஏலவே நிறைவேறத் தொடங்கியிருந்தது என்பது விந்தையான உண்மை. பல்லாயிரம் பெண்கள் கூலி பெறும் தொழிலாளராகினர். விடுதலை மட்டும் பின்தொடரவில்லை. கோட்பாடு பிழையா? அவ்வாறு நாம் கருதவில்லை. எவ்வகையான உற்பத்தி உறவுகளினூடாகப் பெண் உற்பத்திக்குள் கொண்டுவரப்பட்டாள் என்ற வினாவை எழுப்பாது, நிபந்தனையை மட்டும் ஓதிக்கொண்டிருந்தது நமது தவறு.

கோப்பிக் காலத்திற் பெரும்பாலும் ஆண்களே பருவகாலத் தொழிலாளராக வந்து மீண்டனர். ஹேவாஹெட்டைப் பகுதியில், லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டதும், 1869 முதல் இலைநோய் கோப்பியை அழித்ததும் இந்நிலையை அடியோடு மாற்றின. கோப்பிக்கு அறுவடைக் காலம் உண்டு; தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து உண்டு. ஆதலின் நிரந்தரமாகத் தங்கும் உழைப்பு தேவையாயிற்று. குடும்பம் குடும்பமாகக் கொண்டுவருவதே அதற்கு மலிவான வழி. பெண் இங்கு தனியொரு தொழிலாளியாக வந்து சேரவில்லை. ஒருவனின் மனைவியாக, மகளாக, ஒரு கங்காணியின் கணக்கில் ஓர் 'ஆளாக' வந்து சேர்ந்தாள். தன் கீழுள்ள ஒவ்வோர் ஆளின் வேலைநாளுக்கும் கங்காணி தலைக்காசு பெற்றான். 1921இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையின்கீழ் முழுக் குடும்பமுமே கடனாற் பிணிக்கப்பட்டிருந்தது. சுருங்கக் கூறின், வீட்டின் அதிகாரம் உடைக்கப்பட்டு அங்கு தொழிற்சாலை எழவில்லை. வீட்டின் அதிகாரமே தொழிலின் அதிகாரமாகவும் நீட்டப்பட்டது.

தோட்டத்தின் வேலைப் பகுப்பினை இவ்வடிப்படையிலேயே விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். கவ்வாத்து, மருந்தடித்தல், முள்ளு வெட்டுதல் ஆகியன ஆணுக்கு, கொழுந்து பெண்ணுக்கு. ஆலையில் இயந்திரங்களின் அருகே ஆண். சலிக்கும் இடத்திலும் காம்பு பொறுக்கும் இடத்திலும் பெண். கங்காணி, கணக்கப்பிள்ளை, கண்டக்டர், டீமேக்கர், துரை என மேலேறும் ஏணியின் படிகள் அனைத்தும் ஆணுக்குரியனவாகவே வழிவழி இருந்துவந்தன. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச நாட்கூலி, கண்டியை உள்ளடக்கிய நடுமலைப் பகுதியில் ஆணுக்கு 52 சதம், பெண்ணுக்கு 41 சதம். இவ்வேறுபாடு நீங்க 1984ஆம் ஆண்டின் வேலைநிறுத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் வெள்ளைத் துரையை அகற்றின. ஏணியை அவை தொடவில்லை.

கூலி சமமாகிய பின்னரும் வேலைநாள் சமமாகவில்லை. ஆணின் வேலை பெரும்பாலும் அளந்து கொடுக்கப்படுவது. இத்தனை மரம், இத்தனை நிலம் என முடித்துவிட்டு நண்பகல் கடந்ததும் அவன் வீடு திரும்பலாம். பெண்ணின் வேலையோ காலத்தாலும் நிறையாலும் ஒருங்கே அளக்கப்படுவது. காலையிற் பிள்ளைக்காம்பராவிற் குழந்தையை விட்டு மலையேறுபவள், மாலை நிறுவை முடியும்வரை நிற்றல் வேண்டும். அவளது நாளின் பெறுமதி மடுவத்தின் தராசிலேயே தீர்மானிக்கப்படுகின்றது. கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, முற்றிய இலைக்கு இவ்வளவு எனக் கிலோக்கள் கழிக்கப்படுகின்றன. மழை பெய்யாத நாளிலும் ஈரத்துக்குக் கழிக்கும் தராசுகள் உண்டு என்பதை மலையகத்தில் வளர்ந்த எவரும் அறிவர். கழித்தது போக எஞ்சியது குறித்த அளவை எட்டாவிடின் அன்றைய 'பேர்' அரைப்பேராகிவிடும். மலையின் எந்தச் சரிவில், எந்த மாதத்தில், கவ்வாத்து முடிந்து எத்தனை காலமான செடியில் ஒருத்தியால் எத்தனை கிலோ எடுக்கமுடியும் என்பது நுட்பமான தொழில் அறிவு. அவ்வறிவு முழுமையாகப் பெண்களிடமே உள்ளது. ஆனால் அந்தக் கிலோவை முகாமையோடு பேசித் தீர்ப்பவர்கள் ஆண்கள். தம் வாழ்நாளில் ஒருநாளேனும் கூடையைத் தலையில் மாட்டியிராதவர்களும் அவர்களுட் பலர். நாம் எடுத்துக்கொண்ட பொருளின் மையம் இதுவே. தொழிற்சங்கத் துறையிற் பெண் உயராமை வெறும் கௌரவக் குறைவன்று. பேரம் பேசப்படும் பொருளை அறிந்தவர் பேரம் பேசும் மேசையில் இல்லாமற்போதல்.

தொழிற்சங்கத்தின் அமைப்பை நோக்கின், அது தோட்டத்தின் அமைப்பையே தலைகீழாக்காமற் பிரதிபண்ணியிருத்தலை அவதானிக்கலாம். தோட்டத் தலைவர், மாவட்டப் பிரதிநிதி, தலைமையகம் என்னும் ஏணியில் ஆண்கள். அதற்குப் பக்கத்தில், எங்கும் இட்டுச் செல்லாத தனிப்படியாக 'மாதர் சங்கத் தலைவி'. கூட்டத்துக்கு ஆட்சேர்ப்பதும், மே தினத்துக்குச் சேலை உடுத்தி வரிசையில் நிற்கச் செய்வதும் அவள் பணி; பேச்சுவார்த்தைக்குச் செல்வது அவள் பணியன்று. சந்தாவோ பெண்ணின் சம்பளத்திலும் ஆணின் சம்பளத்திலும் ஒரே அளவாய்க் கழிக்கப்படுகின்றது. கூட்டம் மாலையில் நடக்கும். அவ்வேளை பெண் அடுப்படியில் நிற்பாள். இதனைச் சதியென்று கூறுவதற்கில்லை. எவரும் திட்டமிடாமலே இது நடந்தது என்பதுதான் இதன் வலிமை.

இத்தகைய துறையில் 1930களிலேயே பெயர்பதித்த ஒரு பெண்ணை நமது இலக்கிய வரலாறு நெடுங்காலம் அடிக்குறிப்பாகவே வைத்திருந்தது. மீனாட்சியம்மாள், தஞ்சையிலிருந்து வந்து இலங்கைத் தோட்டத் தொழிலாளர் இயக்கத்துக்கு அடித்தளமிட்ட கோ. நடேசையரின் துணைவியார். கண்டியிலிருந்து நாவலப்பிட்டி வழியே மேலேறும் புகையிரதப் பாதையிலுள்ள ஹட்டனைத் தளமாகக் கொண்டு, 1931இல் நடேசையர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். மீனாட்சியம்மாள் அவரது பத்திரிகைப் பணியிற் பங்கேற்றார்; தொழிலாளர் கூட்டங்களிற் பாடினார். தம் பாடல்களை 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பெயரில் 1940இற் சிறு நூலாக வெளியிட்டார். அன்றாடக் கூலிகளாகிய இந்தியர் 1939 முதல் அரசாங்க வேலையினின்று நீக்கப்பட்டுவந்த சூழலில், உரிமை கோரி எழுந்த பாடல்கள் அவை.

அவரது முக்கியத்துவம் பாடலின் கவித்துவத்தில் இல்லை. அவ்வளவுகோலை இங்கு கொண்டுவருதலே பொருந்தாது. தோட்டங்கள் வெளியாருக்கு அடைக்கப்பட்டிருந்த காலம் அது. பேச்சாளன் நுழைய முடியாத லயத்திற்குள் மனனம் செய்யப்பட்ட மெட்டு நுழையும். எழுத்தறியாப் பெண்டாளும் அதைக் கொண்டுசெல்வாள். இன்னொன்றும் உண்டு. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' முதலாகத் தமிழிலக்கியம் தோட்டத்துப் பெண்ணை இரக்கத்துக்குரியவளாகவே கண்டது. அவள் படும் துன்பத்தைப் பிறர் எடுத்துரைத்தனர். மீனாட்சியம்மாளிடத்திலோ ஒரு பெண்ணே கூட்டத்தின் முன்நின்று வழக்குரைக்கின்றாள். எனினும் அவர் கொழுந்து பறித்தவரல்லர். தலைவரின் துணைவியார் என்ற நிலையே அவருக்கு மேடையைத் தந்தது. கிண்டியில் லலிதாவின் தந்தை அதே கல்லூரியிற் பேராசிரியராக இருந்தமை நினைவுக்கு வருகின்றது. ஆண் ஒருவரின் நிழலை ஊன்றுகோலாகக் கொண்டே முதல் நுழைவு சாத்தியமாயிற்று. அந்த ஊன்றுகோல் கிடைக்காதோர் பல இலட்சம்.

அந்நூல் வெளிவந்த அதே 1940 சனவரியில், டெய்லரின் லூல்கந்துர அமைந்த ஹேவாஹெட்டைப் பகுதியிலேயே, முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் சூட்டுக்குப் பலியானார். சமசமாசக் கட்சியினர் வழிநடத்திய அப்போராட்டம் இடதுசாரி இயக்கத்தின் பெருமைக்குரிய பக்கம். ஆயினும் கங்காணியின் அதிகாரத்தை எதிர்த்த அவ்வியக்கம், கங்காணிக்குக் கீழிருந்த பெண்ணின் தனிப் பிரச்சினையை வர்க்கப் பிரச்சினையின் பகுதியாக எடுத்துக்கொள்ளவில்லை. வர்க்கம் விடுதலை பெற்றால் பெண்ணும் விடுதலை பெறுவாள் என்ற வாய்பாட்டை நம்மவர் வசதியாகவே பற்றிக்கொண்டனர். அவ்வாய்பாட்டைச் சொன்னவர்களின் வரிசையில் நாமும் நின்றிருக்கின்றோம் என்பதை மறைப்பதற்கில்லை.

மீனாட்சியம்மாளுக்குப் பல பத்தாண்டுகள் பின்னர், கண்டியைத் தளமாகக் கொண்ட சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் சூழலில் வேறொரு பாதை தோன்றியது. அங்கு பணியாற்றிய மேனகா கந்தசாமி, தோட்டத் தொழிற்சங்கங்களிற் பெண் தலைமைத்துவம் பற்றி 2002இல் ஆங்கிலத்தில் நூலொன்றை வெளியிட்டார். பின்னர் அவரே செங்கொடிச் சங்கத்தின் பொதுச் செயலாளராகினார். மாதர் பிரிவின் தலைவி என்றன்று, சங்கத்தின் பொதுச் செயலாளராக என்பது மனங்கொளத்தக்கது. அதன் பின்னர் அவர் வீட்டுப் பணியாளருக்கான சங்கத்தைக் கட்டியெழுப்புவதில் ஈடுபட்டமையும் தற்செயலன்று. கண்டி, கொழும்பு வீடுகளிற் சமையலறையில் நிற்கும் பெண்களுட் பலர் லயங்களிலிருந்து சென்றவர்களே. தோட்டம் வீட்டின் அதிகாரத்தைத் தொழிலுக்குள் கொண்டுவந்தது எனக் கண்டோம். வீட்டுப்பணியிலோ வீடே வேலைத்தளமாகிவிடுகின்றது. அங்கு மடுவமுமில்லை, தராசுமில்லை. வேலை எப்போது முடிகின்றது என்று சொல்வாருமில்லை.

ஆயினும் ஒரு பெண் பொதுச் செயலாளராகியமையால் ஏணி மாறிவிட்டது என்று கொள்ளலாகாது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதுவரை நடைமுறையிலிருந்த கூட்டொப்பந்தத்தைக் கம்பனிகள் கைவிட்டன. சம்பளத்தை வர்த்தமானி சொல்லிற்று. அதற்கு எத்தனை கிலோக் கொழுந்து என்பதைச் சொல்லவில்லை. பல தோட்டங்களிற் கிலோ உயர்த்தப்பட்டது; எட்டாதவர்க்கு அரைப்பேர் விழுந்தது. ஆயிரம் ரூபா எனப் பத்திரிகைகள் தலைப்பிட்ட மாதத்திலேயே, கூடையோடு மடுவத்தில் நின்ற பெண், தராசின் முள்ளையும் கணக்கப்பிள்ளையின் பேனாவையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.