ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு இன்சூரன்ஸ் வேண்டுமா?

ஏற்காட்டில் ஒண்டிக்கடை ரவுண்டானாவைத் தாண்டி நாகலூர், செம்மடுவு, மஞ்சக்குட்டை என்று பிரியும் சாலைகளில் போனால் காபித் தோட்டங்களுக்கு நடுவே தகர ஷெட்டுகள் தென்படும். உள்ளே தார்ப்பாய் போர்த்திய பழைய ஜீப் நிற்கும். அல்லது மாதக் கணக்கில் ஸ்டார்ட் செய்யாத கார். உரிமையாளர் சென்னையிலோ பெங்களூருவிலோ இருப்பார். காபி அறுவடைக்கு வருவார், மே மாதக் கோடை விழாவை ஒட்டிப் பிள்ளைகளோடு வருவார். மற்ற நாளெல்லாம் வண்டி சும்மா நிற்கும். ஆனால் இன்சூரன்ஸ் தேதி நிற்பதில்லை. "ஓடாத வண்டிக்கு எதுக்குப் பணம் கட்டணும்?" என்று பாலிசியை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

சட்டத்தை மட்டும் பார்த்தால் அவர்கள் கேட்பது நியாயம்தான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவு, பொது இடத்தில் வண்டியைப் பயன்படுத்துகிறவரும், பிறரைப் பயன்படுத்த விடுகிறவரும் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் வைத்திருக்க வேண்டும் என்கிறது. வண்டி ஒருவர் பெயரில் இருக்கிறது என்பதற்காக மட்டும் அது இன்சூரன்ஸ் கேட்கவில்லை. பூட்டிய ஷெட்டுக்குள் அசையாமல் நிற்கும் காருக்குப் பாலிசி இல்லை என்று யாரும் அபராதம் போட முடியாது. பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே 2011 முதல், பதிவில் உள்ள வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் வீட்டு வாசலுக்கே அபராதக் கடிதம் வரும். அதைத் தவிர்க்க, 'இந்த வண்டி சாலைக்கு வராது' என்று அரசிடம் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். சொந்தக் காருக்கு அப்படி ஓர் அறிவிப்பு நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. வண்டி கேட்டைத் தாண்டும் நொடியில்தான் நம் சட்டம் விழித்துக்கொள்கிறது.

மலையில் அந்த கேட் எங்கே இருக்கிறது என்பதுதான் சிக்கல். எஸ்டேட் சாலை தனியார் சாலை என்று முதலாளி நினைப்பார். அதே சாலையில்தான் லைன் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், தோட்ட வேலைக்கு ஆட்கள் நடக்கிறார்கள், ஊர்க்காரர்கள் குறுக்கு வழியாகக் கோயிலுக்குப் போகிறார்கள். சட்டத்தின் 2(34) பிரிவு, பொதுமக்களுக்குப் போக உரிமை உள்ள எந்த இடத்தையும், அது போக்குவரத்துப் பாதையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், பொது இடம் என்கிறது. விபத்து இழப்பீட்டு வழக்குகளில் நீதிமன்றங்கள் இதை இன்னும் அகலமாகவே படித்திருக்கின்றன. மக்கள் வந்துபோக இடம் கொடுத்திருக்கும் தனியார் நிலமும் பொது இடமாகலாம் என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 'பாண்டுரங் சிமாஜி அகலே' வழக்கில் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் 'பார்வதி தேவி' வழக்கில் அந்த அகலமான பார்வையையே ஏற்றது. ஆகவே ஷெட்டிலிருந்து காபி உலர்த்தும் களம் வரை ஜீப்பை ஓட்டும்போதுகூட, 'என் நிலத்தில்தானே ஓட்டினேன்' என்பது உறுதியான பதில் அல்ல.

பயன்படுத்துவது என்றால் ஓட்டுவது மட்டும்தானா? 1987 அக்டோபரில் மகாராஷ்டிரத்தில் புனே–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் டேங்கர் கவிழ்ந்தது. கசிந்த பெட்ரோலைப் பிடிக்க ஊர் மக்கள் கூடினார்கள். கவிழ்ந்து சில மணி நேரம் கழித்து அது வெடித்தது, உயிர்கள் போயின. வண்டி அசையாமல்தானே கிடந்தது என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 1991இல் 'சிவாஜி தயானு பாட்டீல்' வழக்கில் ஏற்கவில்லை. பழுதாகியோ விபத்தில் சிக்கியோ நிற்கும் வண்டியும் பயன்பாட்டில் உள்ள வண்டிதான் என்றது. பிரேக் பிடிக்காமல் சாலையோரம் கல் முட்டுக் கொடுத்து நிறுத்திய பழைய வேனுக்கும் இது பொருந்தும். ஏற்காட்டுச் சரிவுகளில் அப்படி நிற்கும் வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கலக்கமாக இருக்கிறது.

போர்ச்சுகலில் நடந்த ஒரு வழக்கு நம் எஸ்டேட் வீடுகளில் அப்படியே நடக்கக்கூடியது. உடல்நலம் சரியில்லாமல் ஒரு பெண் கார் ஓட்டுவதை நிறுத்தி, வீட்டு முற்றத்தில் காரை விட்டுவைத்தார், இன்சூரன்ஸும் எடுக்கவில்லை. 2006 நவம்பரில் அவருடைய மகன் சொல்லாமல் அதை எடுத்துக்கொண்டு போனார். கார் சாலையை விட்டு விலகியதில் மகனும் உடன் போன இருவரும் இறந்தார்கள். இழப்பீடு கொடுத்த அரசு நிதியம், 4 லட்சம் யூரோவுக்கு மேல் அந்தத் தாயிடம் திருப்பிக் கேட்டது. பதிவு நீக்கப்படாமல், ஓடும் நிலையில் இருக்கும் காருக்கு, அது தனியார் நிலத்தில் நின்றாலும் இன்சூரன்ஸ் கட்டாயம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018இல் சொன்னது. அங்கே மகன் சொல்லாமல் எடுத்தார். இங்கே நாமே சாவியை எஸ்டேட் டிரைவரிடமும் வாட்ச்மேனிடமும் கொடுத்துவிட்டுப் போகிறோம். 'மாசத்துக்கு ஒரு தடவை பேட்டரி இறங்காம ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வாப்பா' என்று போனில் சொன்னாலே, பிறரைப் பயன்படுத்த விட்டவர் ஆகிவிடுகிறோம்.

பிடிபட்டால் 196ஆவது பிரிவின்படி முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் அபராதம் 4,000. இது சின்ன விஷயம். அடிபட்டவருக்கு என்ன ஆகும் என்பதே பெரிய விஷயம். யார் தவறு என்று பார்க்காமலே, 164ஆவது பிரிவு உயிரிழப்புக்கு 5 லட்சமும் படுகாயத்துக்கு 2.5 லட்சமும் வாங்கித் தருகிறது. அதைக் கொடுக்க வேண்டியவர் வண்டி உரிமையாளர் அல்லது இன்சூரன்ஸ் நிறுவனம். பாலிசி இல்லாத வண்டிக்கு உரிமையாளர் மட்டுமே மிச்சம். தவறை நிரூபித்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கேட்கும் தொகைக்கோ மேல் வரம்பே கிடையாது. உரிமையாளரிடம் பணம் இல்லையென்றால், காபி பறிக்கும் கூலியில் குடும்பம் நடத்தியவரின் பிள்ளைகள் தீர்ப்புக் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். இதைத் தடுக்கத்தான் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் 'உஷா தேவி' வழக்கில், விபத்தில் சிக்கிய இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஏலம் விட்டு, அந்தப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்ட வகைசெய்யும் விதிகளைக் கொண்டுவர எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஆனால் பழைய ஜீப்பை ஏலம் விட்டால் எவ்வளவு தேறும்?

புது வண்டிகளுக்கு இந்தக் கவலை ஓரளவு குறைவு. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் பிறந்த உத்தரவால், 2018 செப்டம்பர் 1 முதல் புதிய காருக்கு மூன்று ஆண்டும் புதிய டூவீலருக்கு ஐந்து ஆண்டும் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் சேர்த்தே எடுக்க வேண்டும். ஷெட்டில் நிற்பவை பெரும்பாலும் அதைத் தாண்டிய வயதுள்ளவை.

சரி, வண்டியை நிறுத்திவைக்கிறவருக்கு முழுப் பிரீமியம் கட்டுவதைத் தவிர வழியே இல்லையா? இருக்கிறது, கேட்டு வாங்குகிறவர்கள்தான் மிகக் குறைவு. இந்திய மோட்டார் டாரிஃபில் ஐ.எம்.டி. 11ஏ, 11பி, 11சி என்று மூன்று என்டோர்ஸ்மென்ட்டுகள், அதாவது பாலிசியோடு சேர்க்கும் திருத்தக் குறிப்புகள், உள்ளன. 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை வண்டி ஷெட்டில் நிற்கும், ஓடாது' என்று முன்பே எழுதிக்கொடுத்தால் 11ஏ. எப்போது வெளியே எடுப்போம் என்று தெரியாவிட்டால் 11பி; மறுபடி எடுக்கும்போது அதை முடித்துவைக்க 11சி. வண்டி அப்படி நிற்கும் காலத்தில் தேர்டு பார்ட்டி உட்பட மற்றப் பாதுகாப்பு எல்லாம் நின்றுவிடும். தீ, மின்னல், திருட்டு, கலவரம், புயல், வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றால் வண்டிக்கு வரும் சேதத்துக்கு மட்டும் பாதுகாப்பு தொடரும். மிச்சமாகும் பிரீமியத்தை அடுத்த புதுப்பித்தலில் கழித்துக்கொள்ளலாம், அல்லது பாலிசிக் காலத்தை நீட்டிக்கொள்ளலாம். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி வைத்திருப்பவருக்குச் சேதப் பாதுகாப்பு கிடையாது. கால நீட்டிப்போ பிரீமியக் கழிவோ மட்டுமே. பத்து நாள் ஊருக்குப் போவதற்கெல்லாம் இது பொருந்தாது, மாதக் கணக்கில் தொடர்ந்து நிற்கும் வண்டிக்கானது.

ஏற்காட்டுக்காரர்கள் அந்தப் பட்டியலை இரண்டு முறை படிக்க வேண்டும். சாதாரண முழுப் பாலிசியில் மண்சரிவும் பாறைச்சரிவும் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கும். ஷெட்டில் நிற்கும் வண்டிக்கான வாசகத்தில் புயலும் வெள்ளமும் நிலநடுக்கமும் இருக்கின்றன, மண்சரிவு இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதை சரிந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது என்ன என்று விளக்கத் தேவையில்லை. சரிவின் அடியில் ஷெட் வைத்திருப்பவர், மண்சரிவும் சேரும் என்று நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் இந்த என்டோர்ஸ்மென்ட்டை எடுக்கக் கூடாது. சொந்தச் சேதப் பிரீமியம் 2007 ஜனவரி முதல் அந்தந்த நிறுவனம் வைப்பதுதான். ஆகவே சலுகைத் தொகையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எலி கடித்த வயருக்கும் துருவுக்கும் எந்த வடிவத்திலும் பணம் வராது.

என் கருத்து: மலையில் நிற்கும் வண்டிக்குக் குறைந்தபட்சம் தேர்டு பார்ட்டி பாலிசியை விடாமல் வைத்திருங்கள். 2022 ஜூன் 1 முதல் அமலான கட்டணப்படி ஆண்டுக்கு 1,000 சிசி வரையிலான சொந்தக் காருக்கு 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. 150 சிசி வரையிலான பைக்குக்கு 714. ஜிஎஸ்டி தனி. எஞ்சின் பெரிய ஜீப்புக்கு இது கனமான தொகைதான், மறுக்கவில்லை. சாவி முழுக்க உங்கள் கையில் இருந்தால், பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டால், நிறுத்திவைப்பு என்டோர்ஸ்மென்ட் போதும். சாவி வேறொருவர் கையில் இருந்தால் போதாது.

சொந்தச் சேதப் பாலிசியைக் காலாவதியாக விடுவதற்கு இன்னொரு விலை உண்டு. விபத்தில்லாமல் ஓட்டியதற்குக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் ஐந்து ஆண்டில் 50 சதவீதம் வரை ஏறும். பாலிசி முடிந்து 90 நாளில் புதுப்பிக்காவிட்டால் அது முழுதாகப் போய்விடும். பிறகு எடுக்கும்போது வண்டியைச் சோதனையிட்ட பிறகே பாலிசி தருவார்கள். புகைச் சான்றிதழ் இல்லாமல் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கக் கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் விதித்த நிபந்தனை, சாலைக்கே வராத வண்டிகளைப் பெரிதும் படுத்தியது. 2024 ஜூலையில் நீதிமன்றமே அதை விலக்கிக்கொண்டது.

வாடகை வண்டிகளுக்கு வரியும் ஒரு கேள்வி. விசாகப்பட்டினம் உருக்காலையின் மதில் சூழ்ந்த முற்றத்துக்குள் மட்டுமே ஓடிய 36 வண்டிகளுக்கு வாகன வரி கேட்க முடியாது, அது பொது இடம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அது ஆந்திரச் சட்டத்தின் கீழ் வந்தது. உள்ளே நுழைய அனுமதிச்சீட்டு கேட்கும் ஆலைக்குப் பொருந்துவது, ஊரே நடந்து போகும் எஸ்டேட் சாலைக்குப் பொருந்தாது.

வண்டியை மறுபடி எடுக்கும் நாளில் ஆர்.சி. புக்கையும் பாருங்கள். பதிவு 15 ஆண்டுக்குத்தான். ஷெட்டில் நின்ற ஆண்டுகளும் அதில் சேரும். பதிவு முடிந்த வண்டியை இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறக்கிச் சேலத்து மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போவதும் குற்றமே. அதற்குக்கூட முதலில் தேர்டு பார்ட்டி பாலிசியை ஆன்லைனில் எடுத்து, அதில் அச்சிட்ட தொடக்க நேரம் வந்த பிறகு, மீட்பு வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். வண்டி இனி ஓடவே போவதில்லை என்றால் 55ஆவது பிரிவின்படி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவை ரத்து செய்யுங்கள். அதுவரை சட்டத்தின் கண்ணில் அந்த ஜீப் உங்களுடையது.