கணினி பழுதானால் படங்களும் போய்விட்டனவா? பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மீட்கும் வழி

செபராங் ஜெயா - பல வீடுகளில் அலமாரிக்கு மேலேயோ கட்டிலுக்கு அடியிலேயோ ஒரு பழைய கணினி தூசி படிந்து கிடக்கும். தோட்டத்தை விட்டு வெளியேறும் முன் எடுத்த லயத்து வீட்டுப் படம், தாத்தாவின் கடைசிப் பிறந்தநாள், அக்காவின் திருமணக் காணொளி, கோயில் நிர்வாகத்தின் கணக்கு என்று எல்லாம் அதற்குள் இருக்கும். பொத்தானை அழுத்தினால் மட்டும் எதுவும் வராது. "கணினி போச்சு, எல்லாம் போச்சு" என்று அதைப் பழைய சாமான் லாரியில் ஏற்றி விடுவார்கள்.

அவசரப்பட வேண்டாம். கணினி இயங்காமல் போனாலும், பெரும்பாலும் அதிலுள்ள கோப்புகள் அப்படியே இருக்கும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டதால், பல வீடுகளில் பழைய கணினிகள் ஓரங்கட்டப்படுகின்றன. தூக்கிப் போடும் முன் இதை ஒரு முறை படித்துவிடுவது நல்லது.

கணினி வேறு, ஹார்ட் டிஸ்க் வேறு

கணினியின் பெட்டிக்குள் மின்சாரம் தரும் பாகம், தாய்ப்பலகை, நினைவகம் எனப் பல பாகங்கள் உண்டு. இவற்றில் ஏதேனும் ஒன்று பழுதானாலும் கணினி எழாது. கோப்புகள் இருப்பதோ ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டில். வீடு இடிந்தாலும் உள்ளே இருக்கும் இரும்புப் பெட்டி நிற்பதைப் போல, வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைத்தால் உள்ளே இருப்பதைப் பார்க்க முடியும்.

பினாங்கு மக்களுக்கு இந்தப் பொருள் அந்நியமானதல்ல. சீகேட் போன்ற நிறுவனங்கள் பல ஆண்டுகளாக இங்கே வன்தட்டின் பாகங்களைத் தயாரித்து வருகின்றன. தொழிற்சாலைப் பேருந்து ஏறி இரவு ஷிப்டுக்குப் போன நம்மவர்கள் பலருக்கு அதன் நுணுக்கம் தெரியும்.

என்னென்ன தேவை?

மேசைக் கணினியின் வன்தட்டு 3.5 அங்குல வகையைச் சேர்ந்தது, மடிக்கணினியினுடையது 2.5 அங்குல வகை. சுமார் 2005க்கு முந்தைய வன்தட்டுகளில் வரிசையாக ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். இது ஐ.டி.இ. வகை. அதற்குப் பின் வந்தவற்றில் தட்டையான சிறு இணைப்பு இருக்கும். இது சாட்டா வகை. கடைக்குப் போகும்போது வன்தட்டையே எடுத்துச் சென்று காட்டினால் குழப்பம் இல்லை.

வாங்க வேண்டியது யு.எஸ்.பி. அடாப்டர் ஒன்று மட்டுமே. சில பத்து ரிங்கிட்டுக்குள் கிடைத்துவிடும். 3.5 அங்குல வன்தட்டுக்கு 12 வோல்ட் தனி மின்சாரம் வேண்டும் என்பதால், மின் இணைப்போடு வரும் அடாப்டரையே கேட்டு வாங்க வேண்டும். 2.5 அங்குல வன்தட்டுக்குப் பெரும்பாலும் யு.எஸ்.பி. மின்சாரமே போதும்.

புதிய மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் சேமிப்பகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்ற முடியாது, கடைக்காரரிடம்தான் போக வேண்டும்.

செய்யும் முறை

முதலில் மின்கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும். மடிக்கணினியாக இருந்தால் பேட்டரியையும் கழற்றிவிடலாம். கையிலுள்ள நிலைமின்சாரம் போக, உலோகப் பகுதி ஒன்றைத் தொட்டுவிட்டுத் திருகாணிகளைக் கழற்றலாம். மின்சாரம் தரும் பாகத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக்கூடாது.

வன்தட்டை அடாப்டர் வழியாக நல்ல கணினியில் இணைத்தால், அது பென்டிரைவ் போலப் புதிய டிரைவாகத் தெரியும். அதில் 'யூசர்ஸ்' என்ற கோப்புறைக்குள் உரியவர் பெயரில் படங்களும் ஆவணங்களும் இருக்கும். விண்டோஸ் எக்ஸ்பி கணினியாக இருந்தால் 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்ற கோப்புறையைத் தேட வேண்டும். அனுமதி இல்லை என்று வந்தால், 'கன்டினியூ' என்பதை அழுத்திச் சிறிது நேரம் காத்திருந்தால் பெரும்பாலும் திறந்துவிடும்.

எது போனால் திரும்பக் கிடைக்காதோ அதை முதலில் நகலெடுக்க வேண்டும். பாட்டும் படமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பழைய வன்தட்டு எந்த நேரத்திலும் நின்றுவிடக்கூடும்.

'ஃபார்மாட்' என்று கேட்டால்

இணைத்தவுடன், "இந்த டிரைவைப் பயன்படுத்த ஃபார்மாட் செய்ய வேண்டும்" என்று திரை கேட்கலாம். பலர் கோப்புகளை இழப்பது இங்கேதான். 'கேன்சல்' என்பதையே அழுத்த வேண்டும். 'இனிஷியலைஸ்' என்று கேட்டாலும் அதே பதில்தான்.

அப்போது டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்கள் கைகொடுக்கும். மீட்டெடுக்கும் கோப்புகளை அதே வன்தட்டில் சேமிக்கக்கூடாது, வேறொன்றில்தான் சேமிக்க வேண்டும். வன்தட்டு பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருந்தால், 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் திறக்க முடியாது. உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

'டக் டக்' சத்தம் கேட்டால்

வன்தட்டுக்குள் தட்டு நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. அதைப் படிக்கும் முனை, ஒரு தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில் அதன் மேல் மிதக்கிறது. 'டக் டக்' என்றோ கரகரவென்றோ சத்தம் கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். திரும்பத் திரும்ப முயன்றால் முனை தட்டைச் சுரண்டிவிடும். வீட்டில் மூடியைத் திறப்பது, குளிர்பெட்டியில் வைப்பது போன்ற கைவைத்தியங்கள் வேண்டாம். தூசியில்லா அறை வைத்திருக்கும் மீட்பு நிபுணரிடம்தான் கொடுக்க வேண்டும். செலவு அதிகம், ஆனாலும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. 2003இல் கொலம்பியா விண்கலம் உடைந்து சிதறி, தரையில் விழுந்து கருகிக் கிடந்த ஒரு சீகேட் வன்தட்டிலிருந்தே சுமார் 99 விழுக்காட்டுத் தகவல்களை மீட்டிருக்கிறார்கள்.

2017 நவம்பர் தொடக்கத்தில் பினாங்கையும் செபராங் பிறையையும் மூழ்கடித்த வெள்ளத்தைப் பலர் மறந்திருக்க முடியாது. நனைந்த வன்தட்டை வெயிலில் காயவைத்து இயக்கிப் பார்ப்பது தவறு. உள்ளே சேறு காய்ந்து தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி நிபுணரிடம் கொண்டுபோக வேண்டும்.

தமிழ் எழுத்து கிறுக்கலாகத் தெரிந்தால்

கோப்பு திறக்கும், ஆனால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று பலர் அழித்துவிடுகிறார்கள். அது கெடவில்லை. யூனிகோட் பரவலாகும் முன், ஆங்கில எழுத்துகளுக்கும் குறியீடுகளுக்கும் உரிய எண்களிலேயே தமிழ் எழுத்தின் வடிவத்தை வைத்தார்கள். மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய முரசு தொடங்கி, 1999இல் தமிழ்நாடு அரசு அறிவித்த டாம், டாப் வரை பல முறைகள் புழங்கின. அந்த எழுத்துரு புதிய கணினியில் இல்லாததால்தான் எழுத்து கிறுக்கலாகிறது.

எனவே ஆவணங்களோடு, பழைய வன்தட்டின் 'விண்டோஸ்' கோப்புறைக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' கோப்புறையையும் சேர்த்து நகலெடுக்க வேண்டும். வேர்ட் கோப்பைத் திறந்து எழுத்தின் மேல் சொடுக்கினால், எந்த எழுத்துரு என்ற பெயர் மேலே தெரியும். அதை நிறுவினால் தமிழ் திரும்பிவிடும். பிறகு என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மென்பொருளால் யூனிகோடுக்கு மாற்றி, பிழை பார்த்துச் சேமிக்கலாம். தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், கோயில் திருப்பணிக் கணக்கு, சங்கத்தின் கூட்டக் குறிப்பு எனப் பல ஆவணங்கள் இன்றும் இப்படித்தான் கிடக்கின்றன. தட்டச்சு செய்தவர் இருக்கும்போதே இதைச் செய்துவிட்டால் சந்தேகம் கேட்க ஆள் இருக்கும்.

கடையில் கொடுக்கும்போதும், அதற்குப் பின்னும்

கடையில் கொடுப்பதானால், "எனக்குக் கணினி வேண்டாம், கோப்புதான் வேண்டும், ஃபார்மாட் செய்யாதீர்கள்" என்று முதலிலேயே சொல்லி, அதை ரசீதிலும் எழுதச் சொல்ல வேண்டும். வன்தட்டின் வரிசை எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. குடும்பப் பெண்களின் படங்கள் இருந்தால், வீட்டிலேயே தெரிந்த பிள்ளைகளை வைத்து எடுப்பது நிம்மதி.

மீட்டதை இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். ஒன்று வீட்டில், இன்னொன்று உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும்.

பழைய வன்தட்டில் மைகார்டு நகலும் சேமநிதி அறிக்கையும் இருக்கக்கூடும். அவசரத்தில் செய்யும் ஃபார்மாட் அவற்றை முழுமையாக அழிக்காது. ஆகவே கோப்புகள் எல்லாம் நகலாகிவிட்டன என்று உறுதி செய்த பிறகு, வன்தட்டில் இரண்டு மூன்று இடங்களில் துளையிட்டு, குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிப்பு மையத்தில் சேர்ப்பதே பாதுகாப்பு.