மேற்கோள் காட்டும் நெறி

பிறர் கூற்றை எடுத்தாண்டு தம் கருத்தை நிறுவுதல் தமிழறிஞர்க்குப் புதிய பழக்கமன்று. பழைய உரையாசிரியர் பலரும் மேற்கோள் காட்டியே உரை வகுத்தனர். ஆயின், எடுத்தாண்ட அடிகள் எந்நூலுக்குரியன என்று கூறுவதில் அவர்கள் ஒரு நெறிப்பட்டவரல்லர். அவ்வேறுபாட்டால் விளைந்ததை மாணவர் அறிதல் நன்று.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்டபொழுது, நச்சினார்க்கினியர் உரையிற் பழம்பாடல் அடிகள் பலவற்றைக் கண்டார். அவற்றிற்கு நூற்பெயர் இல்லை. பிறரும் இவ்வாறு கூறினர் என்ற அளவிலே உரைகாரர் நின்றுவிட்டார். அவர் காலத்து மாணாக்கர்க்கு அது போதியதாயிருந்திருக்கலாம். பல நூற்றாண்டு கழித்து வந்த ஐயரோ, ஏடு ஏடாகப் புரட்டி, இவ்வடி இன்ன நூலினது என்று தெளியவேண்டியதாயிற்று. சிந்தாமணி 1887இல் வெளிவந்தது. பின்னர் அவர் பதிப்பித்த நூல்களில் உரைமேற்கோள்களைத் தேடித் தொகுத்துக் காட்டியமை, பின்வருவோர்க்கு அவ்விடர் நேராதிருக்கச் செய்த உதவியாகும்.

அடியார்க்குநல்லார் வழி வேறு. சிலப்பதிகாரத்துக்கு உரை காண்கையில், இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் எனத் தாம் துணைக்கொண்டவற்றைப் பெயர் சுட்டியே உரைத்தார். அவற்றுட் பெரும்பாலன மறைந்தன, பெயர்கள் மறையவில்லை. பஞ்சமரபு 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சேறியபொழுது, அப்பெயர் கற்றோர்க்கு முன்னரே பழக்கமானதாயிருந்தது. நாவிதன்வெளிக்கு அயலதான காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், அரங்கேற்றுகாதையில் யாழாசிரியன் இயல்பு கூறும் அடிகளை அடிப்படையாகக் கொண்டே யாழ் நூலை ஆக்கினார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை 1947இல் வெளியிட்டது. அவ்வாராய்ச்சிக்கு அவ்வுரை எத்துணைத் துணையாயிற்று என்பதை அந்நூலைக் கற்றோர் அறிவர்.

இக்காலத்து ஒப்படைகளிலோ, ‘அறிஞர் கூறுவர்’, ‘வரலாற்றாசிரியர் கருத்து’ என்னும் தொடர்களே மலிந்துள்ளன. எவ்வறிஞர் என வினவின் மாணவர் விழிப்பர். இது பெரும்பாலும் களவு நோக்கத்தால் நேர்வதன்று. குறிப்பெடுக்கும்பொழுதே நூற்பெயரை எழுதாமையால் நேர்வது. கட்டுரை முடிந்தபின் தேடப் புகுந்தால், நூல் நூலகத்துக்குத் திரும்பியிருக்கும்.

குறளுக்குக் குறளெண்ணும், புறநானூற்றுக்குப் பாட்டெண்ணும் போதும். பதிப்பு மாறினும் அவை பெரும்பாலும் மாறா. உரைநடை நூலாயின் ஆசிரியர், நூல், பதிப்பாண்டு, பக்கம் ஆகிய நான்கும் வேண்டும். ஆண்டின்றிப் பக்க எண் மட்டும் தருதல் பயனில் செயல். மட்டக்களப்பு மான்மியத்தை எடுத்தாள்வோர், எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் வெளியிட்ட பதிப்பையே நேரிற் கண்டனரா, பிறர் நூலில் அதனை எடுத்துக்காட்டியிருக்கக் கண்டனரா என்பதையும் சொல்லுதல் வேண்டும். காணாத நூலைக் கண்டதாக எழுதுவோர், முன்னவர் பிழையையும் சேர்த்தே சுமப்பர்.

நூல் என்றும் கைக்கெட்டும் என்று எண்ணுதற்கும் இடமில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபொழுது, ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு அரிய ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. அங்கிருந்த ஒரு சுவடியை முன்னர்க் கண்டெழுதியவர் இடமும் பெயரும் குறித்திருந்தால், அச்சுவடி இருந்தமைக்கு அக்குறிப்பாவது சான்றாகும்.

வாய்மொழிச் செய்திக்கும் இது பொருந்தும்; ஒருவகையில் மிகுதியும் பொருந்தும். 1978 நவம்பர் 23ஆம் நாட் சூறாவளியைப் பற்றி நாவிதன்வெளி மாணவர் ஒருவர் எழுதப் புகின், முதியோரே அவர்க்கு நூலகம். சொன்னவர் அப்பொழுது எவ்வயதினர், எவ்வூரில் இருந்தார், நேரிற் கண்டதா கேட்டதா, மாணவர் அவரைக் கண்ட நாள் யாது என்பன அவர் இசைவுடன் குறிக்கத்தக்கன. கல்முனைப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் வழங்கும் நாட்டார் கவிகளைத் திரட்டுவோரும் இங்ஙனமே செய்தல் வேண்டும். ஒரே கவி ஊருக்கு ஊர் ஒரு சொல் வேறுபட்டு ஒலிக்கும். பாடியவர் ஊர் குறிக்கப்படாவிடின், அவ்வேறுபாடு அச்சுப்பிழையோ ஊர் வழக்கோ எனப் பின்னர் எவரும் தேற இயலாது.