கொட்டாஞ்சேனையின் வரலாறு எந்த அலுமாரியில்?

வரலாற்று ஆய்வேட்டுக்கான நூலகத் தேடல், தலைப்பைச் சுருக்குவதில் தொடங்குகிறது. ‘கொழும்புத் தமிழரின் வரலாறு’ என்று கேட்கும் மாணவருக்கு எந்த நூலகத்திலும் கிடைப்பது ஒரே வரிசைப் பொது நூல்கள்தான். ‘1883ஆம் ஆண்டுக் கொட்டாஞ்சேனைக் கலவரம்’ என்றோ ‘1933ஆம் ஆண்டு வெள்ளவத்தை நெசவாலை வேலைநிறுத்தம்’ என்றோ கேட்டால் நிலைமை வேறு. இடமும் ஆண்டும் தெரிந்துவிட்டால் அடுத்த இரு கேள்விகளைக் கேட்கலாம். இதை அன்றே எழுதிவைக்கும் தேவை யாருக்கு இருந்தது? எழுதிய தாள் பிறகு எங்கே போய்ச் சேர்ந்தது? மூலங்களைத் தேடும் வேலை பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் விடை காண்பதே.

முதலில் நூற்பட்டியல்கள். பேராதனைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எச். ஏ. ஐ. குணதிலக்க தொகுத்த இலங்கை நூற்பட்டியல் 1970 முதல் 1983 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. மேற்கத்திய மொழிகளில் இலங்கையைப் பற்றி வெளியான நூல்களையும் கட்டுரைகளையும் பொருள்வாரியாக அடுக்கித் தரும் இந்தத் தொகுதிகளை, இணையத் தேடல் வந்த பிறகு மாணவர் அதிகம் புரட்டுவதில்லை. அது பெரிய இழப்பு. பழைய சஞ்சிகையொன்றின் நடுவே கிடக்கும் பத்துப் பக்கக் கட்டுரையை இணையம் காட்டாமல் விடலாம்; குணதிலக்க விடமாட்டார். தமிழ் நூல்களுக்கு என். செல்வராஜாவின் ‘நூல்தேட்டம்’ இருக்கிறது. தொகுதிக்கு ஆயிரம் நூல்கள் என்ற கணக்கில், ஈழத்தவர் நூல்களைக் குறிப்புரையோடு பதிவுசெய்யும் வரிசை இது.

அடுத்து, அதே பொருளில் முன்னரே எழுதப்பட்ட ஆய்வு. கொட்டாஞ்சேனைக் கலவரம் பற்றி ஜி. பி. வி. சோமரத்ன தனி நூல் எழுதியுள்ளார். வெள்ளவத்தை வேலைநிறுத்தத்துக்கு, குமாரி ஜயவர்தனவின் இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாறு (1972) தொடக்கமாக உதவும். இத்தகைய நூலை முன்பக்கத்திலிருந்து படிப்பதைவிட அடிக்குறிப்புகளிலிருந்து பின்னோக்கிப் படிப்பதே ஆய்வாளருக்குப் பயன். ஆசிரியர் எந்தப் பத்திரிகையின் எந்த நாள் இதழைப் பார்த்தார், எந்த அறிக்கையை மேற்கோள் காட்டினார் என்பது அங்கேதான் இருக்கிறது. அவர் பார்க்காதது எது என்பதும் அங்கேதான் வெளிப்படும். மாணவரின் சொந்தப் பங்களிப்புக்கு இடம் கிடைப்பது அந்த இரண்டாவதில்.

கொட்டாஞ்சேனைக் கலவரத்தையே சற்று விரிவாகப் பார்க்கலாம். 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. மிகெட்டுவத்தே குணானந்த தேரர் இருந்த தீபதுத்தாராம விகாரையை நோக்கி வந்த பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டது. விகாரைக்கு அண்மையிலேயே கத்தோலிக்கரின் புனித லூசியாள் பேராலய வளாகம். இதை எழுதிவைக்கும் தேவை பலருக்கு இருந்தது. அரசு விசாரணை ஆணைக்குழு அமைத்தது. அத்தகைய ஆணைக்குழு அறிக்கைகள் ‘செஷனல் பேப்பர்ஸ்’ எனப்படும் அரசாங்க வெளியீட்டு வரிசையில் ஆண்டுவாரியாகக் கட்டப்பட்டிருக்கும். ஆளுநர் லண்டனுக்கு அனுப்பிய கடிதங்களின் பிரதிகள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன. லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தவை கியூவில் உள்ள பிரித்தானிய தேசிய சுவடிகள் கூடத்தில், சி.ஓ. 54 என்ற வரிசையில் இருக்கின்றன. லண்டன் பிரதிகளைக் கேட்டுப் பார்ப்பது நல்லது: குடியேற்ற அலுவலகத்து எழுதுவினைஞர்கள் ஓரத்தில் கிறுக்கிய குறிப்புகள், கடிதத்தைவிடச் சில வேளைகளில் வெளிப்படையாகப் பேசும்.

பத்திரிகைகள் இன்னொரு வகை. ‘சிலோன் ஒப்சேவர்’ 1834 முதல் வந்துகொண்டிருந்தது. கத்தோலிக்கத் தரப்புக்கு 1866இல் தொடங்கிய ‘ஞானார்த்த பிரதீபய’, 1869இல் தொடங்கிய ‘கத்தோலிக் மெசஞ்சர்’ ஆகியவையும் பௌத்தத் தரப்புக்கு 1880இல் தொடங்கிய ‘சரசவி சந்தரெச’வும் இருந்தன. எம். சி. சித்திலெப்பையின் தமிழ் வார இதழான ‘முஸ்லிம் நேசன்’ 1882 டிசம்பரில் தொடங்கியது. இரு தரப்பிலும் சேராத கண் எதைக் கண்டது என்று அறிய அதன் இதழ்களைத் தேடிப் பார்க்கலாம். கேணல் ஒல்கொட் 1884இல் பௌத்தர்களின் முறைப்பாட்டை லண்டனுக்கு எடுத்துச் சென்றார். அதையடுத்து 1885இல் வெசாக் அரச விடுமுறையானது. ஒல்கொட்டின் நாட்குறிப்பு நூலும் மூலம்தான், ஒரு தரப்பின் வழக்கறிஞர் எழுதியது என்ற கவனத்தோடு. ஒரே நாளின் சம்பவத்தை மூன்று பத்திரிகைகளில் அடுத்தடுத்துப் படிக்கும் மாணவருக்கு, எது நடந்தது என்பதைவிட யார் எதைச் சொல்லாமல் விட்டார் என்பதே முதலில் கண்ணில் படும். ஆய்வேட்டின் நல்ல பக்கங்கள் அங்கிருந்துதான் வரும்.

இவற்றைக் கொழும்பில் எங்கே பார்ப்பது? தேசிய சுவடிகள் திணைக்களம் கொழும்பு 7இல், முன்னாள் ரீட் அவென்யூவில் இருக்கிறது. பழைய பத்திரிகைத் தொகுப்புகளும் அரச கோவைகளும் அங்கேதான். கோவைகள் ‘லொட்’ எனப்படும் இலக்கங்களாகப் பிரிக்கப்பட்டவை. பட்டியலைப் பார்த்து லொட் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு கேட்க வேண்டும். துறைத் தலைவரின் கடிதம் கையில் இருந்தால் நல்லது. நடந்துபோகும் தூரத்திலேயே வேறு மூன்று இடங்கள் உள்ளன. 1877இல் தொடங்கிய நூதனசாலை நூலகத்துக்கு, 1885இன் அச்சக, வெளியீட்டுச் சட்டத்தின்படி நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதி சேர வேண்டும். 1883இன் துண்டுப்பிரசுரங்கள் அந்தச் சட்டத்துக்கு முந்தியவை. அவை கிடைத்தால் அதிர்ஷ்டம். 1925இல் உருவான கொழும்புப் பொது நூலகமும், 1990இல் திறக்கப்பட்ட தேசிய நூலகமும் மற்ற இரண்டு. மூன்றிலும் ஒரே நூல் இருக்கும் என்று நினைக்கக் கூடாது; ஒன்றில் காணாமல் போனது மற்றதில் கிடைப்பது வழக்கம்.

வெள்ளவத்தை நெசவாலையின் கதைக்குத் தாள்கள் வேறு. இன்று ஹவ்லொக் சிட்டி மாடிக் குடியிருப்புகள் எழுந்திருக்கும் காணியில் அந்த ஆலை இயங்கியது. 1933இல் அங்கு நடந்த வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் பக்கம் நின்றவர் கொல்வின் ஆர். டி சில்வா, எதிர்நிலை எடுத்தவர் அதுவரை தொழிற்சங்கத் தலைவராகக் கோலோச்சிய ஏ. ஈ. குணசிங்க. தொழிலாளர் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பதால், தொழில் திணைக்களத்தின் ஆண்டு நிர்வாக அறிக்கையோடு, இலங்கையில் இருந்த இந்திய அரசின் முகவர் எழுதிய ஆண்டறிக்கைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அரசாங்க சபையின் விவாதப் பதிவும் உண்டு. தமிழில் அப்போது ‘வீரகேசரி’க்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை, ‘தினகரன்’ தொடங்கி ஓராண்டே ஆகியிருந்தது. அவ்விரண்டின் அந்த ஆண்டு இதழ்களைப் புரட்டாமல் இந்தத் தலைப்பில் தமிழ் ஆய்வேடு எழுதுவது சரியல்ல. ஆங்கிலப் பத்திரிகையை மட்டும் வைத்து எழுதினால் ஆலைக்குள் இருந்தவர்களின் பேச்சு கிடைக்காது.

பின்னணித் தகவலுக்குக் குடிசன மதிப்பீடுகள் போதும். 1871 முதல் பெரும்பாலும் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்டவை இவை. 1901இன் மதிப்பீட்டை நடத்தியவர் பொன்னம்பலம் அருணாசலம். பர்கஸன் ஆண்டுக் கைநூல், வர்த்தமானி ஆகியவற்றில் நிறுவனங்களும் பதவிகளும் பெயரோடு கிடைக்கும். இன்னும் பின்னோக்கிப் போக நினைப்பவருக்கு ஒல்லாந்தர் காலத் தொம்புகள், அதாவது காணிப் பதிவேடுகள், சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன. 1757இல் திருநிலைப்படுத்தப்பட்ட வுல்பெண்டால் ஆலயத்தைச் சுற்றிய கொழும்பை அங்கே காணலாம். ஆனால் அவை பழைய ஒல்லாந்த மொழியில் உள்ளன. ஓராண்டு ஆய்வேட்டுக்கு அது எளிதான வழியல்ல.

தேடும்போது எழுத்துக்கூட்டல் காலை வாரும். ஆங்கிலப் பட்டியலில் வெள்ளவத்தையின் ஈற்றெழுத்து ‘ஏ’யா ‘ஈ’யா என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். கொட்டாஞ்சேனைக்குப் பழைய வடிவங்கள் பல. 1972க்கு முந்திய எதுவும் ‘சிலோன்’ என்ற தலைப்பின் கீழ்தான் இருக்கும்.

தமிழ்ச் சேகரிப்புகளுக்கு வெள்ளவத்தையிலேயே 1942இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் உண்டு. ஆண்டு மலர், பாடசாலை மலர், கோயில் கும்பாபிஷேக மலர் போன்றவை பெரிய நூலகங்களின் பட்டியலில் ஏறுவதில்லை. இத்தகைய நூலகங்களில்தான் தேட வேண்டும். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைப் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் மீளக் கட்டிய காலத்து விவரங்களை அறிய விரும்புவோருக்கு மலர்கள் நல்ல தொடக்கம். பழைய நிகழ்வை அவை பெரும்பாலும் நினைவிலிருந்து எழுதுவதால், திகதிகளை மட்டும் வேறிடத்தில் சரிபார்க்க வேண்டும். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தில் நூல், இதழ், பத்திரிகை எனப் பெருந்தொகை இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 அளவு நூல்களும் சுவடிகளும் போயின. தமிழ் மூலங்களில் பல இன்று தனியார் வீடுகளில் தப்பிய பிரதிகளாக மட்டுமே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

1983 ஜூலை இனவன்முறையில் வெள்ளவத்தையிலும் தமிழர் வீடுகள் எரிந்தன. அவற்றோடு போன கடிதங்களுக்கும் படங்களுக்கும் எந்தப் பட்டியலும் கிடையாது. அந்தக் காலத்தை ஆய்வு செய்பவர் முதியோரின் வாய்மொழியைப் பதிவுசெய்யத்தான் வேண்டும்: சொன்னவரின் சம்மதத்தோடு, நாளும் இடமும் குறித்து, முடிந்தவரை வர்த்தமானியோடும் அன்றைய பத்திரிகையோடும் ஒப்பிட்டு. பெயர் வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டால், ஆய்வேட்டில் குறியீட்டெழுத்தும் மேற்பார்வையாளரிடம் மூடிய உறையில் முழுப் பெயரும் இருந்தால் போதும்.