எஜமானர் மருத்துவமனையில், வளர்ப்புப் பிராணிக்கு யார் பொறுப்பு?

புதுதில்லி: கொரோனாவின் இரண்டாவது அலை தலைநகரைச் சூறையாடிய 2021 ஏப்ரல், மே மாதங்களில், படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் அலைந்த பல குடும்பங்களுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. வீட்டில் உள்ள அனைவரும் ஒரே நேரத்தில் நோயில் விழுந்தபோது, வளர்த்த நாய்க்கும் பூனைக்கும் உணவு வைப்பது யார் என்பதே அது. தொற்று பயத்தால் அண்டை வீட்டார் கதவைத் தொடவே தயங்கினர். தன்னார்வலர்கள் சிலர் முன்வந்து தாற்காலிகமாக அவற்றைப் பராமரித்தனர்.

பெருந்தொற்று ஓய்ந்துவிட்டது. அது எழுப்பிய கேள்வி ஓயவில்லை. மாரடைப்பும் சாலை விபத்தும் எந்த வீட்டுக்கும் எந்த நாளிலும் வரக்கூடியவை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, ஒரு நாயை மட்டுமே துணையாகக் கொண்டு வாழும் முதியவர்கள் எல்லாப் பெருநகரங்களிலும் உள்ளனர். அத்தகைய ஒருவர் திடீரென ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்டால், அந்த நாய்க்கு யார் பொறுப்பு? சட்டத்தில் இதற்குத் தெளிவான பதில் இல்லை.

சட்டம் சொல்வது என்ன?: 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், ஒரு பிராணியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனைப் பேண வேண்டும் என 3-வது பிரிவில் கூறுகிறது. போதிய உணவும் நீரும் அளிக்காமல் இருப்பதும், நியாயமான காரணமின்றிக் கைவிடுவதும் 11-வது பிரிவின்படி குற்றங்கள். முதல் முறை குற்றத்துக்கு நிர்ணயிக்கப்பட்ட அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை மட்டுமே.

ஆனால், நினைவிழந்து மருத்துவமனையில் கிடப்பதைவிட நியாயமான காரணம் வேறு இருக்க முடியாது. எனவே உரிமையாளர் மீது குற்றமில்லை. பிராணி தங்கள் வசம் வராத வரை அண்டை வீட்டாருக்கும் உறவினருக்கும் இச்சட்டத்தில் கடமை இல்லை. வந்துவிட்டாலோ, சட்டத்தின் விளக்கப்படி அவர்களும் உரிமையாளர் ஆகிவிடுகின்றனர். பிறகு அதைத் தெருவில் விட்டால் குற்றம் அவர்களைச் சேரும். இரக்கப்பட்டு அழைத்துச் செல்பவர் கடமையையும் சேர்த்தே ஏற்கிறார். கதவைத் திறக்காதவருக்கோ எந்தச் சுமையும் இல்லை.

மாவட்டந்தோறும் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம் அமைக்கப்பட வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ஆனால், சட்டத்தின் 35-வது பிரிவு குறிப்பிடும் சிகிச்சை இல்லங்கள், குற்றத்துக்கு இலக்கான பிராணிகளைக் கருத்தில் கொண்டவை. குற்றம் எதுவும் நடக்காமல் ஆதரவிழந்து நிற்கும் வளர்ப்பு நாய் இந்த ஏற்பாட்டில் எங்கும் பொருந்துவதில்லை.

சொத்தா, உயிரா?: சட்டத்தின் பார்வையில் வளர்ப்புப் பிராணி ஓர் அசையும் சொத்து. ஜல்லிக்கட்டு வழக்கில் 2014-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பிராணிகளின் கண்ணியத்தையும் நலனையும் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவோடு இணைத்துப் பேசியது. அதே விவகாரத்தில் 2023 மே மாதம் தீர்ப்பளித்த அரசியல் சாசன அமர்வோ, பிராணிகளுக்கு அடிப்படை உரிமை உண்டு எனக் கூறுவதற்கு முன்னுதாரணம் இல்லை என்றது.

இதன் விளைவு உயில் எழுதும்போது தெரிகிறது. நாய் ஒரு சொத்தே என்பதால், அது வேறு சொத்துக்கு வாரிசாக முடியாது. 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டமும், சொத்தை வைத்துக் கொள்ளும் தகுதியுடையவரே பயனாளியாக முடியும் என்கிறது. ஆகவே, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் பிராணியையும் அதற்கான பணத்தையும் ஒப்படைத்து, பராமரிப்பை நிபந்தனையாக எழுதுவதே வழி.

தொழிலதிபர் ரத்தன் டாடா 2024 அக்டோபர் 9-ல் காலமான பிறகு வெளியான செய்திகள் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அவர் வளர்த்த டிட்டோ என்ற ஜெர்மன் ஷெப்பர்டு நாயின் வாழ்நாள் பராமரிப்புக்கு உயிலில் வழி செய்யப்பட்டிருந்தது என்றும், நெடுங்காலம் அவரிடம் பணியாற்றிய சமையல்காரரிடம் அப்பொறுப்பு விடப்பட்டது என்றும் அச்செய்திகள் கூறின. பெரும் செல்வந்தரின் ஏற்பாடு என இதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இதில் பணத்தைவிட முக்கியமானது, பொறுப்பேற்பவரின் பெயர் எழுத்தில் இருந்தது என்பதுதான்.

உயில் மட்டும் போதாது: உயில் மரணத்துக்குப் பின்னரே உயிர் பெறும். எழுதியவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் நாள்களில் அதற்குப் பலனில்லை. அதிகாரப் பத்திரமும் முழுப் பாதுகாப்பு அல்ல. எழுதிக் கொடுத்தவர் இறந்தாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ முகவரின் அதிகாரம் முடிந்துவிடும் என 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவு கூறுகிறது.

எனவே மூன்று கட்டங்களுக்கு முன்கூட்டியே ஏற்பாடு தேவை. முதலாவது, முதல் சில மணி நேரம். நடந்தே வரக்கூடிய தொலைவில் உள்ள ஒருவரிடம் மாற்றுச் சாவி இருக்க வேண்டும். அவரை அந்தப் பிராணி ஏற்கெனவே அறிந்திருக்க வேண்டும். அறிமுகமற்றவர் நுழைந்தால் நாய் தடுக்கும், பூனை ஒளிந்துகொள்ளும். வீட்டில் பிராணி இருப்பதையும், அழைக்க வேண்டிய எண்ணையும் எழுதிய சிறு சீட்டைப் பணப்பையில் வைத்திருப்பது செலவில்லாத காப்பு.

இரண்டாவது, சிகிச்சை நீளும் வாரங்கள். உணவின் அளவு, தரக்கூடாத பொருள்கள், மருந்துகள், வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்ட தேதி, கால்நடை மருத்துவரின் எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி வைக்கலாம். தில்லி போன்ற நகரங்களில் வளர்ப்பு நாயை மாநகராட்சியில் பதிவு செய்வது கட்டாயம் என்பதால், அச்சான்றும் உடன் இருக்க வேண்டும். ஒரு மாதச் செலவுக்கான பணத்தையும் முன்னதாகக் கொடுத்து வைப்பது உதவுபவரின் சுமையைக் குறைக்கும்.

மூன்றாவது, எஜமானர் திரும்பவே இயலாத நிலை. யாரிடம் போக வேண்டும், அவர் மறுத்தால் அடுத்து யார் என்பதை இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்ட உயிலில் குறிப்பிடலாம். ஆனால், பெயரை எழுதுவதற்கு முன் அவர்களின் சம்மதத்தைப் பெறுவது அவசியம். கேட்காமல் எழுதப்பட்ட பெயர் வெறும் விருப்பமாகவே நின்றுவிடும்.

நாடாளுமன்றத்தில் நிற்கும் பணி: அடையாறு கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், 1952-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். பிராணி வதைக்கு எதிராக அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை, அரசே சட்டம் கொண்டுவரும் என்ற பிரதமர் நேருவின் உறுதிமொழியை ஏற்றுத் திரும்பப் பெற்றார். அதன் விளைவே 1960-ஆம் ஆண்டின் சட்டம். அதன்கீழ் 1962-ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

அச்சட்டத்தைத் திருத்துவதற்கான வரைவை மத்திய அரசு 2022 நவம்பரில் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்டது. அது மசோதாவாகத் தாக்கல் செய்யப்படாமலேயே 17-வது மக்களவையின் காலம் 2024-ல் முடிந்தது. கொடுமைக்கான தண்டனையைக் கடுமையாக்குவதே அந்த வரைவு தொடர்பான விவாதத்தின் மையமாக இருந்தது. கொடுமை எதுவும் இழைக்கப்படாமல், எஜமானரின் நோயாலும் மரணத்தாலும் ஆதரவிழக்கும் பிராணிகளைப் பற்றிய பேச்சு எழவில்லை.

2020 மார்ச் ஊரடங்கின்போது கால்நடைத் தீவனக் கடைகளுக்கும் கால்நடை மருத்துவமனைகளுக்கும் மத்திய அரசு விலக்கு அளித்தது. அவசரக் காலத்தில் பிராணிகளை நினைவில் கொள்வது அரசுக்கு இயலாத காரியம் அல்ல என்பதற்கு அதுவே சான்று. ஒவ்வொரு மாவட்டத்திலும் இத்தகைய பிராணிகளுக்குத் தாற்காலிகப் புகலிடம் அளிக்கவும், பொறுப்பேற்பவரின் பெயரை நாய்ப் பதிவோடு சேர்த்து வாங்கவும் விதி செய்வது பெரும் செலவு பிடிக்கும் வேலையும் அல்ல. அதுவரை, பூட்டிய கதவுக்குப் பின்னால் காத்திருக்கும் பிராணிக்கு அதன் எஜமானர் முன்கூட்டியே எழுதி வைத்த ஒரு பெயர்தான் பாதுகாப்பு.