அடுகோடியில் பீட்சா

பீட்சாவைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று பெரியவர்கள் கேட்கலாம். அடுகோடியில் பிள்ளைகளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையினரும் இந்த ஒரு பண்டத்தின் முன்னால் சேர்ந்து உட்காருவதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

எங்களுக்கு முதல் பீட்சா கடை தெருமுனை ஐயங்கார் பேக்கரிதான். ஹாசன் பக்கத்திலிருந்து வந்த திருமலாச்சார் 1898-ல் சிக்பேட்டையில் பி.பி. பேக்கரியைத் தொடங்கினார். அந்த வழியில் அவ்வட்டாரத்து ஐயங்கார்கள் பலர் இத்தொழிலில் இறங்கினார்கள். ஹெப்பார் ஐயங்கார்கள் வீட்டில் பேசுவது கன்னடம் கலந்த ஒரு தமிழ். கல்லாவில் இருந்தவர் என்னிடம் கன்னடத்தில் விலை சொல்லிவிட்டு, உள்ளே திரும்பி வீட்டாரோடு பேசியதைக் கேட்டு என் தாயார் வியந்து நின்றது நினைவிருக்கிறது.

பன்னுக்குப் பிசையும் அதே மைதா மாவை வட்டமாகத் தட்டி, மேலே வெங்காயம், குடமிளகாய், தக்காளி சாஸ், துருவிய சீஸ் வைத்துச் சுட்டால் பேக்கரி பீட்சா தயார். இத்தாலியர் பார்த்தால் ஒப்புக்கொள்ள மாட்டார். நேப்பிள்ஸ் நகரத்து விறகடுப்பில் சூடு 450 டிகிரி அளவுக்கு இருக்கும். ஒன்றரை நிமிடத்தில் வெந்துவிடும். ரொட்டி அடுப்பில் அவ்வளவு சூடு கிடையாது. மெதுவாக வேகும் மாவு மெத்தென்று பன் போலவே ஆகிவிடும்.

சீஸ் நூலாக இழுபடாததற்கும் காரணம் உண்டு. அப்போது டின்னில் கிடைத்தது, உருக்கி உப்புகள் சேர்த்து மறுபடி கட்டியாக்கிய சீஸ். மொஸரெல்லாவையோ வெந்நீரில் போட்டுப் பிசைந்து, இழுத்து இழுத்து மடிப்பார்கள். அதனால் பாலின் புரதம் இழை இழையாக அமைகிறது. பிள்ளைகளுக்கு இந்த நூல்தான் வேண்டியிருந்தது!

அந்த ஆசை 1996-ல் நிறைவேறியது. பீட்சா ஹட் இந்தியாவில் முதன்முதலாகக் கடை திறந்தது நம் பெங்களூரில், கன்னிங்ஹாம் ரோட்டில். அவ்வாண்டு ஜனவரியில்தான் நஞ்சுண்டசுவாமியின் ரைத சங்கத்தார் பிரிகேட் ரோடு கே.எஃப்.சி. கடைக்குள் புகுந்து நொறுக்கியிருந்தார்கள். ஆகவே ஒரு பயத்தோடுதான் பிள்ளைகளை அழைத்துச் சென்றேன். பிறகு பீட்சா கார்னர் வந்தது. அது 1996-ல் சென்னையில் பிறந்த கடை என்பதால் எங்களுக்குத் தனி அபிமானம். 2014-ல் அது பாப்பா ஜான்ஸோடு இணைந்தது. 2017-ல் அந்தக் கடைகளும் இந்தியாவில் மூடப்பட்டன. 2004-ல் ஓசூர் ரோட்டில் ஃபோரம் மால் திறந்தபின் நாங்கள் பஸ் ஏற வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

ஆனால் தாயார் மட்டும் வரமாட்டார். முட்டைகூடத் தொடாதவர். சீஸில் கன்றுக்குட்டியின் இரைப்பை சேர்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பேரப்பிள்ளைகள் சாப்பிடும்போது எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார். அது எனக்கு மிகவும் உறுத்தியது.

எங்கள் அடுகோடியில் தேசியப் பால் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1923-ல் தொடங்கியது, 1927-ல் காந்தியடிகள் பால்பண்ணைப் பயிற்சி பெற்ற இடம். அங்கே வேலை பார்த்த பக்கத்து வீட்டுக்காரரிடம் தாயார் நேராகவே கேட்டார்: "ஏம்ப்பா, கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுத்துப் போடுறாங்களாமே, நிஜமா?"

"நிஜம்தான் அம்மா, ஆனா எல்லாத்துலயும் இல்லே" என்று அவர் விளக்கினார். பாலைத் திரிக்க ரென்னட் என்ற நொதி வேண்டும். கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது பழைய முறை. ஒருவகைப் பூஞ்சையிலிருந்தும் அதே வேலையைச் செய்யும் நொதியை எடுக்கலாம். நம் நாட்டில் பச்சைப் புள்ளியோடு விற்கும் சீஸில் கன்றின் ரென்னட் இருக்கக் கூடாது. தாயார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகே ஒரு துண்டு எடுத்தார். பேக்கரி பீட்சாதான் மேல் என்பது அவர் தீர்ப்பு.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் போய்த் தங்கும் பெரியவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே நம் பச்சைப் புள்ளி கிடையாது. பீட்சாவின் மேல் தூவும் அசல் இத்தாலியப் பார்மெசான் கன்றின் ரென்னட்டால் மட்டுமே செய்யப்படுவது. அதைத் தவிர்க்க வேண்டுமானால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.